மெட்டல் குழுவின் கீபோர்டும் மின்னணு இசையும்: சுஷின் ஷியாமின் ஒலி உலகம்

சுஷின் ஷியாம் மலையாளத் திரையிசையமைப்பாளர். கேரளத்தின் தலச்சேரியைச் சேர்ந்தவர். திரைக்கு வருவதற்கு முன் கண்ணூரில் உருவான 'தி டவுன் ட்ராடன்ஸ்' என்ற மெட்டல் இசைக்குழுவில் கீபோர்டு வாசித்தார். கும்பளங்கி நைட்ஸ் (2019), மஞ்ஞும்மல் பாய்ஸ் (2024), ஆவேசம் (2024) ஆகிய படங்கள் வழியாகத் தமிழ் ரசிகர்களிடமும் நன்கு அறிமுகமானவர்.

இக்கட்டுரை அவருடைய வாழ்க்கைக் குறிப்பு அல்ல. மெட்டல் குழுவின் கீபோர்டு கலைஞர் ஒருவருக்கு மின்னணு இசை எதைக் கற்றுத்தர முடியும், சுஷினின் திரையிசையில் அது எப்படி வெளிப்படுகிறது, அதன் எல்லை எங்கே இருக்கிறது என்பவற்றை ஆராய்கிறது. 'செல்வாக்கு' என்றதும் யார் யாரைக் கேட்டார்கள் என்று பெயர்ப்பட்டியல் போடுவது வழக்கம். அந்தப் பட்டியலால் பாடலைப் பற்றி அதிகம் தெரிந்துகொள்ள முடியாது. செல்வாக்கு என்பது இங்கே ஒலியைக் கையாளும் முறை என்ற பொருளில் எடுத்துக்கொள்ளப்படுகிறது.

மெட்டல் இசையில் கீபோர்டின் இடம்

மெட்டல் குழுவில் கீபோர்டுக்கு எளிதில் இடம் கிடைப்பதில்லை. இதற்குக் காரணம் ஒலியியலில் இருக்கிறது. கிதாரின் ஒலியை வேண்டுமென்றே சிதைத்துக் கனமாக்குவதே மெட்டலின் அடிப்படை. இதை டிஸ்டார்ஷன் என்பர். அப்படிச் சிதைந்த ஒலியில் ஏராளமான மேல்சுரங்கள் பிறக்கின்றன. மனிதக் காது கூர்மையாகக் கேட்கும் நடு அலைவரிசை முழுவதையும் இரண்டு கிதார்கள் நிரப்பிவிடும். சாதாரணச் சுருதியில் கிதாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 82 ஹெர்ட்ஸிலும், பேஸ் கிதாரின் தடித்த தந்தி ஏறத்தாழ 41 ஹெர்ட்ஸிலும் ஒலிக்கும். மெட்டல் குழுக்கள் பல இதற்கும் கீழே சுருதியை இறக்கிவைத்துக்கொள்ளும். அதன்மேல் டிரம்ஸ். இவற்றுக்கிடையில் கீபோர்டு எதை வாசித்தாலும் அது கேட்காது; கேட்டால் மற்றவற்றைக் கலங்கடிக்கும்.

தெருக்கூத்து பார்த்தவர்களுக்கு இந்தச் சிக்கல் புரியும். பெருமுக்கல், மரக்காணம் ஊர்களை உள்ளடக்கிய பழைய தென்னார்க்காட்டுப் பகுதி கூத்துக்குப் பெயர்பெற்றது. கூத்தில் மிருதங்கமும் டோலக்கும் தாளமும் முழங்க, நடிகர் உச்சக் குரலில் பாடுவார். அந்த முழக்கத்துக்குள் ஆர்மோனியக்காரர் விரலின் திறமையைக் காட்ட முனைந்தால் யாருக்கும் கேட்காது. அவர் சுருதியைப் பிடித்துக்கொண்டிருப்பார். முகவீணையோ எல்லா ஒலிகளுக்கும் மேலே, தனக்கென்று ஓர் உயரத்தில் ஒலிக்கும். ஒன்று அடியில் தங்குகிறது, மற்றொன்று மேலே பறக்கிறது. நடுவெளி குரலுக்கும் தோல் கருவிகளுக்கும் விடப்படுகிறது. மெட்டல் குழுவின் கீபோர்டு கலைஞரும் இதே முடிவைத்தான் எடுக்கவேண்டியிருக்கிறது.

மேற்கே இந்தச் சிக்கலுக்கு மூன்று தீர்வுகள் தோன்றின. முதலாவது, கீபோர்டையே கிதாராக்குவது. டீப் பர்ப்பிள் குழுவின் ஜான் லார்ட் தன் ஹேமண்ட் ஆர்கனை மார்ஷல் கிதார் ஆம்ப்ளிஃபயரில் இணைத்து உறுமவைத்தார். இரண்டாவது, கீபோர்டை வயலின் கூட்டமாகவும் கோரஸாகவும் மாற்றிப் பின்னணியில் நிறுத்துவது. பின்லாந்தின் நைட்விஷ் போன்ற சிம்ஃபனிக் மெட்டல் குழுக்கள் சென்ற வழி இது. மூன்றாவது, மின்னணு இசையிடம் போவது. அமெரிக்காவின் ஃபியர் ஃபேக்டரி 1995-ல் வெளியிட்ட 'டிமானுஃபேக்சர்' தொகுப்பில், மின்னணு இசைக் குழுவான ஃப்ரண்ட் லைன் அசெம்ப்ளியைச் சேர்ந்த ரைஸ் ஃபுல்பர் பங்கேற்றார். ட்ரீம் தியேட்டர் குழுவின் கீபோர்டு கலைஞர் கெவின் மூர் 1994-ல் குழுவை விட்டு விலகி, குரோமா கீ என்ற பெயரில் மின்னணு ஒலிகளை மையமாகக் கொண்ட அமைதியான இசைக்குத் திரும்பினார். சுஷினின் பாதை இந்த மூன்றாவது வழியோடு நெருங்கியது.

மின்னணு இசை தரும் பாடம்

பியானோவில் ஒரு கட்டையை அழுத்தினால் சுரம் பிறந்து, மெல்லத் தேய்ந்து மறையும். ஆர்மோனியத்தில் காற்று இருக்கும்வரை ஒரே மாதிரி நிற்கும். சின்தசைசரில் நிலைமை வேறு. அழுத்திய கட்டையை விடாமல் வைத்திருக்கும்போதே அந்தச் சுரத்தின் நிறத்தை மாற்றிக்கொண்டிருக்கலாம். ஃபில்டர் என்ற பகுதி மேல்சுரங்களை வடிகட்டும். அதை மெல்லத் திறந்தால், மூடிய அறைக்குள் கேட்ட ஒலி கதவு திறந்து வெளியே வருவதுபோல் இருக்கும். சுரம் மாறவில்லை, அதன் வெளிச்சம் மாறியிருக்கிறது. ஜெர்மனியின் டேஞ்சரின் ட்ரீம், கிளாஸ் ஷுல்ட்ஸ் போன்றோர் 1970-களில் நீண்ட இசைத்துண்டுகளில் இந்த உத்தியைப் பயன்படுத்தினர்.

மெட்டல் குழுவின் கீபோர்டு கலைஞருக்கு இது பெரிய வாய்ப்பு. மெட்டலில் கிதார் ஒரு சிறு சுரக்கோவையைத் திரும்பத் திரும்ப வாசிக்கும். அதை ரிஃப் என்பர். ரிஃப் மாறாமல் சுழலும்போது, அதன் பின்னால் மெல்ல நிறம் மாறும் ஒற்றைச் சுரத்தை வைத்தால், ரிஃப்பே மாறிக்கொண்டிருப்பதாகக் காது உணரும். கீபோர்டு கலைஞர் பத்து விரல்களாலும் ஓடி வாசிக்கத் தேவையில்லை. ஒரு விரலும், எங்கே நிறுத்துவது என்ற தெளிவும் போதும்.

இரண்டாவது பாடம் இடத்தேர்வு. சின்தசைசரின் அடிப்படை அலைவடிவங்களில் ஒன்றான ரம்ப அலையில் எல்லா மேல்சுரங்களும் உண்டு. ஆகவே அது டிஸ்டார்ஷன் கிதாரோடு மோதும். சைன் அலையில் மேல்சுரமே இல்லை. அதைக் கிதாருக்கு அடியில் ஆழத்தில் வைத்தால் மோதல் இல்லாமல் நிலம் அதிர்வதுபோல் கேட்கும். எந்த அலைவடிவத்தை எந்த உயரத்தில் வைப்பது என்பதே இங்கே இசையமைப்பாகிறது.

மூன்றாவது பாடம் சாம்பிள். பதிவுசெய்த எந்த ஒலியையும் கட்டையில் ஏற்றி இசைக்கருவியாக்கலாம். நாட்டார் பாடகரின் குரல், இயந்திரத்தின் ஓசை, கோயில் மணி எதுவும் விலக்கல்ல. பெரிய வசதி இது. பெரிய பொறுப்பும் இதில் இருக்கிறது.

தென்னிந்தியப் பின்புலம்

இந்தியாவில் மின்னணு இசைக்கு நீண்ட வரலாறு உண்டு. 1969-ல் அகமதாபாத்தின் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் சின்தசைசர் நிறுவப்பட்டது. பம்பாய்த் திரையுலகின் வாத்தியக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-ல் ரோலண்ட் நிறுவனத்தின் டிபி-303, டிஆர்-808, ஜூபிட்டர்-8 கருவிகளைக்கொண்டு பத்து ராகங்களை டிஸ்கோ தாளத்தில் வாசித்து வெளியிட்டார். அன்று கவனிக்கப்படாத அந்தத் தொகுப்பு பல ஆண்டுகளுக்குப் பின் மறுவெளியீடு கண்டு உலகக் கவனம் பெற்றது. தமிழில் இளையராஜா 1986-ல் 'புன்னகை மன்னன்' படத்துக்குக் கணினி இசையைப் பயன்படுத்தினார்.

ராக் குழுவின் கீபோர்டிலிருந்து திரையிசைக்கு வந்தவர்களில் முதன்மையானவர் ஏ.ஆர். ரஹ்மான். இளமையில் சிவமணி, ஜான் ஆண்டனி, சுரேஷ் பீட்டர்ஸ் ஆகியோருடன் 'ரூட்ஸ்' குழுவில் வாசித்தார். சென்னையில் 'நெமெசிஸ் அவென்யூ' என்ற ராக் குழுவிலும் இருந்தார். விளம்பரப் படங்களுக்கு இசையமைத்து, 1992-ல் 'ரோஜா' வழியாகத் திரைக்கு வந்தார். ஒலியின் நிறமே பாடலின் அடையாளம் ஆகலாம் என்பதைத் தென்னிந்தியக் கேட்பாளர்களுக்குப் பழக்கியவர் அவர். சுஷினின் தலைமுறை அந்தப் பழக்கத்துக்குள் பிறந்து வளர்ந்தது. ஆனால் ரஹ்மான் வாசித்த குழுக்களில் கீபோர்டு மையத்துக்கு அருகில் நின்றது. சுஷின் வாசித்த இசைவகையில் அது ஓரத்தில் நிற்கவேண்டியிருந்தது. இருவரின் திரையிசையும் வேறுபடும் இடத்தை இங்கிருந்தும் விளக்கலாம்.

தி டவுன் ட்ராடன்ஸ்

இக்குழு 2009-ல் கண்ணூரில் தொடங்கப்பட்டது. ஒடுக்கப்பட்டோரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லைத் திரித்துப் பெயராக்கிக்கொண்டது. வட கேரள நாட்டார் இசைக்கூறுகளைக் கனமான மெட்டலோடு சேர்த்தது இதன் தனித்தன்மை. 2014-ல் 'ஹவ் ஆர் யூ? வீ ஆர் ஃபைன், தேங்க் யூ' என்ற தொகுப்பை வெளியிட்டது. அதிலுள்ள 'சிவா' என்ற பாடல் கேரளத்துக்கு வெளியிலும் ரசிகர்களைப் பெற்றது.

கண்ணூர் தெய்யத்தின் நிலம். ஒடுக்கப்பட்ட சாதிகளைச் சேர்ந்தவர்கள் தெய்யமாக நின்று, ஊரின் மேல்சாதியினரும் வணங்கும் நிலையைப் பெறும் சடங்கு அது. பொட்டன் தெய்யத்தின் கதையில் ஒரு சண்டாளன் சங்கரரை வழிமறித்து, உன் உடம்பிலும் என் உடம்பிலும் ஓடும் குருதி ஒன்றுதானே என்று வாதிடுகிறான். இப்படிப்பட்ட கேள்வி குரலாகவும் செண்டை முழக்கமாகவும் ஆண்டுதோறும் ஒலிக்கும் ஊரில் ஒரு மெட்டல் குழு தோன்றியதில் வியப்பில்லை. உரத்த ஒலி அங்கே முறையீட்டின் வடிவமாக ஏற்கெனவே இருந்தது.

இந்தக் குழுவில் கீபோர்டுக்கு இரட்டை வேலை. ஒருபுறம் கிதார்களின் கனத்துக்கு மேலும் கீழும் வெளியை விரிக்கவேண்டும். மறுபுறம் நாட்டார் கூறுகளும் மெட்டலும் ஒட்டாமல் தனித்தனியே நிற்கும் இடங்களில் இரண்டையும் பிணைக்கவேண்டும். அதனால் கீபோர்டு தனித்து முன்வரும் இடங்கள் குறைவு. அதை எடுத்துவிட்டால் இரண்டு உலகங்களும் பிரிந்துபோகும்.

திரையிசையில் வெளிப்பாடு

சுஷின் இசையமைப்பாளர் தீபக் தேவிடம் கீபோர்டு புரோகிராமராகப் பணியாற்றினார். பின்னணி இசை வழியாகத் திரையில் அடியெடுத்துவைத்தார். ஒலியை அடுக்கும் தொழிலைப் பாட்டெழுதும் தொழிலுக்கு முன்பே கற்றார் என்பது கவனிக்கத்தக்கது.

'கும்பளங்கி நைட்ஸ்' அவருக்குக் கேரள அரசின் சிறந்த இசையமைப்பாளர் விருதைப் பெற்றுத்தந்தது. இதில் உரத்த இசைக்கு வேலையே இல்லை. கொச்சிக் காயலோரத்தில் தாயற்ற வீட்டில் வாழும் சகோதரர்களின் கதை. சித்தாரா கிருஷ்ணகுமாருடன் சுஷின் சேர்ந்து பாடிய 'செராதுகள்' பாடலில் கருவிகள் குரலை நெருங்காமல் விலகி நிற்கின்றன. மெட்டல் மேடையில் மற்றவர்களுக்கு இடம்விடப் பழகிய கை, இங்கே மௌனத்துக்கு இடம்விடுகிறது. மெட்டல் கலைஞர் மென்மையாக இசையமைத்தார் என்று இதை வியப்பவர்கள் உண்டு. மெட்டலில் அவர் செய்த வேலையைச் சரியாகக் கவனித்தால் வியப்பு குறையும்.

'பீஷ்ம பர்வம்' (2022) படத்தின் 'ரதிபுஷ்பம்' எண்பதுகளின் டிஸ்கோ ஒலியைத் திரும்ப அழைக்கிறது. உன்னி மேனனைப் பாடவைத்தது பொருத்தமான தேர்வு. கதை நடக்கும் காலத்தைச் செட்டும் உடையும் காட்டுவதற்கு முன்பே சின்தசைசர் காட்டிவிடுகிறது. ஆயினும் இது மறுஆக்கம்தான். பழைய ஒலியை அப்படியே வார்த்தெடுக்கும் திறமை தெரிகிறது. அந்த ஒலியோடு இன்றைய இசையமைப்பாளர் நடத்தும் உரையாடல் தெரியவில்லை.

'மஞ்ஞும்மல் பாய்ஸ்' இந்த ஆய்வுக்கு முக்கியமான படம். 2006-ல் கொடைக்கானலின் குணா குகையில் நடந்த உண்மைச் சம்பவத்தை அடிப்படையாகக் கொண்டது. நண்பர்களில் ஒருவன் பாறைப் பிளவுக்குள் விழுந்தபின் மெட்டுகள் ஒதுங்கிக்கொள்கின்றன. ஆழ்ந்த தொடர்நாதங்களும் நிறம் மாறும் ஒலிப்படலங்களும் முன்னே வருகின்றன. மேலே மழையும் கூச்சலும், கீழே இருட்டும் நிசப்தமும். இந்த இரண்டு வெளிகளின் தூரத்தை ஒலியால் அளந்து காட்டவேண்டிய படம் இது. ஒரு சுரத்தை நிறுத்திவைத்து அதன் நிறத்தை மாற்றும் உத்தி இங்கே கதைசொல்லும் கருவியாகிறது. குழிக்குள் நேரம் நகர்வதில்லை. ஆனால் ஆபத்து வளர்கிறது. சுரம் மாறாமல் ஒலி மாறுவது இந்த நிலைக்குச் சரியான இசைவடிவம்.

உச்சத்தில் இளையராஜாவின் 'கண்மணி அன்போடு காதலன்' ஒலிக்கிறது. 1991-ல் 'குணா' படத்துக்காக அமைந்த பாடல். தன் படத்தின் மிகப்பெரிய உணர்ச்சித் தருணத்தைச் சுஷின் வேறொருவரின் மெட்டிடம் ஒப்படைத்திருக்கிறார். நெடுநேரம் மெட்டே இல்லாத இருட்டில் இருந்த காது, ஒரு மெட்டைக் கேட்டதும் வெளிச்சத்துக்கு வருகிறது. அந்தப் பாடலின் ஆற்றல் இளையராஜாவுடையது. அது அந்த நொடியில் அவ்வளவு தேவைப்பட்டதாக ஆக்கியது சுஷினின் பின்னணி இசை. பாடலின் பயன்பாடு குறித்து இளையராஜா தரப்பு சட்ட நோட்டீஸ் அனுப்பியது தனி விவகாரம். இசை நோக்கில், பின்வாங்கத் தெரிந்த இசையமைப்பாளரின் முடிவு இது.

'ஆவேசம்' இதற்கு நேர்எதிர். டப்ஸி பாடிய 'இலுமினாட்டி', தமிழ் ராப் பாடகர் பால் டப்பா பாடிய 'கலாட்டா' ஆகியவை தாளத்தையும் ஆழ்ந்த பேஸ் ஒலியையும் முன்நிறுத்துபவை. பெங்களூரின் ரவுடி ரங்கனின் வீறாப்புக்கு மிகையான ஒலி தேவைதான். அந்த மிகைக்குள் கேலியும் கலந்திருப்பது படத்துக்குப் பொருந்துகிறது.

விமர்சனங்களும் எல்லைகளும்

மின்னணு ஒலி மெட்டைக் கொன்றுவிட்டது என்பது இவ்வகை இசையமைப்பாளர்கள்மீது பொதுவாகச் சொல்லப்படும் குறை. சுஷினைப் பொறுத்தவரை இது வலுவான குறையல்ல. 'செராதுகள்', பிரதீப் குமார் பாடிய 'நெபுலகள்' ஆகியவற்றில் மெட்டு தெளிவாகவே இருக்கிறது. மெட்டு எங்கே வேண்டும், எங்கே வேண்டாம் என்று அவர் தேர்ந்தெடுக்கிறார்.

உண்மையான குறைகள் வேறு இரண்டு.

முதலாவது, நெரிசல். 'ஆவேசம்' படத்தின் வெற்றிக்குப் பின், கைபேசியில் சில நொடிகளில் பற்றிக்கொள்ளும் ஒலிக்கான சந்தைத் தேவை பெருகியிருக்கிறது. மெட்டல் குழுவில் இடமில்லாத நெருக்கடி அவரை ஒழுங்குபடுத்தியது. திரையில் இசையமைப்பாளரே எல்லா இடத்துக்கும் உரிமையாளர். கிதார்கள் தடுக்காத வெளியைத் தானே நிரப்பிவிடும் ஆசையை அவர் எதிர்கொள்ளவேண்டும்.

இரண்டாவது, நாட்டார் குரல். 'ஆவேசம்' படத்தில் பிரணவம் சசி பாடிய 'அர்மாதம்' நாட்டார் சாயல் கொண்ட குரலைக் கொண்டாட்டத் தாளத்தின்மேல் வைக்கிறது. பாடல் ஆடவைக்கிறது. ஆனால் தெய்யத்தின் நிலத்தில், ஒடுக்கப்பட்டோரைப் பெயராகச் சூடிய குழுவில் அந்தக் குரலுக்கு ஒரு முறையீட்டின் கனம் இருந்தது. திரையில் அது பெரும்பாலும் சுவையூட்டும் பொருளாகிறது. கூத்தில் கட்டியங்காரனின் குரல் வேடிக்கைக்காக ஒலிக்கும். அதே வேளையில் ராஜாவைக் கேள்வியும் கேட்கும். வேடிக்கையை மட்டும் வெட்டி எடுத்துக் கட்டையில் ஏற்றினால் கேள்வி வெளியே நின்றுவிடும். சாம்பிள் என்ற தொழில்நுட்பத்தின் பொறுப்பு இங்கேதான் சோதிக்கப்படுகிறது. தமிழ்த் திரையிசை கானாவையும் பறையையும் பயன்படுத்தும் விதத்துக்கும் இந்தக் கேள்வி பொருந்தும்.

கேட்பதற்கு ஒரு வழி

இசை மாணவர்கள் கீழ்க்காணும் முறையில் கேட்டுப் பார்க்கலாம்.

முதலில், 'சிவா' பாடலைக் காதணியில் கேட்டு, கிதாரை விடுத்து அதற்கு மேலும் கீழும் என்ன ஒலிக்கிறது என்று மட்டும் கவனிக்கவும். கைபேசியின் சிறிய ஒலிபெருக்கியில் ஆழ்ந்த ஒலிகள் கேட்காது என்பதால் காதணி அவசியம்.

அடுத்து, 'மஞ்ஞும்மல் பாய்ஸ்' படத்தில் குகைக் காட்சிகளைப் படத்தைப் பார்க்காமல் ஒலியாக மட்டும் கேட்கவும். எந்த இடத்தில் ஒலியின் நிறம் மாறுகிறது என்று குறித்துக்கொள்ளவும். பின்னர் படத்தோடு ஒப்பிட்டால், காட்சிக்கு முன்பே ஒலி எங்கெல்லாம் திரும்புகிறது என்பதைத் தாமே சோதித்துக்கொள்ளலாம்.

கடைசியாக, 'செராதுகள்' பாடலில் எத்தனை கருவிகள் ஒலிக்கின்றன என்று எண்ண முயலவும். எண்ணிக்கை எளிதில் பிடிபடாது. ஒவ்வொன்றும் மற்றொன்றுக்கு வழிவிட்டு நிற்பதே அதற்குக் காரணம்.

மதிப்பீடு

மெட்டல் குழுவிலிருந்தும் கனத்த ராக் இசையிலிருந்தும் திரைக்கு வருவது இன்று உலகெங்கும் காணப்படும் பாதை. நைன் இஞ்ச் நெயில்ஸ் குழுவின் ட்ரென்ட் ரெஸ்னர், அட்டிகஸ் ராஸுடன் சேர்ந்து 'தி சோஷியல் நெட்வொர்க்' (2010) படத்துக்காக ஆஸ்கர் விருது பெற்றார். இந்தப் பாதையில் தென்னிந்தியாவின் குறிப்பிடத்தக்க பெயர் சுஷின் ஷியாம்.

அவருடைய இசையில் மின்னணுச் செல்வாக்கு கருவிகளின் புதுமையாக இருக்கும் இடங்களில் அது சில ஆண்டுகளில் பழசாகிவிடும். டிஸ்கோ ஒலிக்கு நேர்ந்ததும் அதுவே. பொறுமையாக இருக்கும் இடங்களில், அதாவது ஒரு சுரத்தை நிறுத்தி, மற்ற ஒலிகளுக்கு வழிவிட்டு, சரியான நேரத்தில் விலகிக்கொள்ளும் இடங்களில், அது நிலைக்கக்கூடியது. இந்தப் பொறுமையை அவர் இசைத்த மெட்டல் குழுவின் நெருக்கடி கோரியது. அதற்கான கருவியை மின்னணு இசை தந்தது. விடியும்வரை சுருதி விலகாமல் கூத்தைத் தாங்கும் ஆர்மோனியக்காரரை யாரும் பெயர் சொல்லிப் பாராட்டுவதில்லை. அவர் கை எடுத்தால் கூத்து நின்றுவிடும். சுஷினின் சிறந்த பின்னணி இசை அந்தக் கையின் வேலையைச் செய்கிறது.